விருப்ப வரிசை

நிசார் அண்ணனின் பிரவுசிங் சென்டரில்
மூன்றாம் எண் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.
முட்டுக் கொடுத்திருந்த பழைய கைடு
எந்தப் பாடமென்று குனிந்து பார்த்தேன்.
வரலாறு.

"பி.காம் போட்டுடவா?" என்றார்.
காலையிலிருந்து ஐந்து பேருக்கு அதுதானாம்,
விரல் தானாகவே அங்கே போகிறதாம்.
நான் சொன்னது சத்தமாக விழுந்துவிட்டது போல.
ஜெராக்ஸுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார்,
எங்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்பதுபோல.

கல்லூரிகளை விருப்ப வரிசையில் தருக
என்றது திரை.

பெரும்பாக்கத்தில் விருப்பம் என்பது
மணிக்கணக்கு.
நந்தனத்துக்கு ஐந்தரைக்கு எழுந்தால் போதும்.
தாம்பரத்துக் கல்லூரியில் மரங்கள் நிறைய,
மான்கூட வரும் என்றாள் யுவஸ்ரீ.
கட்டணத் தாளைப் படித்த அம்மா
திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்,
அங்கே குறைத்துப் போட்டிருப்பார்களோ என்று.
கடற்கரைக் கல்லூரிக்கு இரண்டு பஸ்.
ரோஸ் கலர் பஸ் என்றால் காசில்லை.
ஆனால் அது வரவேண்டும்.

"அவ்ளோ தூரம் போயி
செத்தவங்களைப் பத்திப் படிக்கப் போறியா?"
யுவஸ்ரீ நர்சிங் சேர்ந்துவிட்டாள்.
அவளுக்கு உயிரோடு இருப்பவர்கள்.

ஏழாம் வகுப்பு வரை
அந்தக் கல்லூரி எனக்கு நடை தூரம்.
சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில்
மீன் ஆய்ந்து முடித்த ஞாயிறுகளில்
அம்மா கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டு
வாலாஜா ரோடு வழியே எங்களைக் கடலுக்கு நடத்துவாள்.
சிவப்புக் கட்டடம் வந்தால்
தண்ணீர் வந்துவிட்டது என்று பொருள்.
உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை.
கோர்ட் என்று நினைத்திருந்தேன்.

கூவத்தோர வீடுகளுக்கு லாரி வந்தது
முழுப் பரீட்சைக்கு மறுநாள்.
அப்பா வேறெதையும் கேட்கவில்லை,
கதவைக் கழற்றித் தரச் சொன்னார்.
பெயிண்டில் 214 என்று எழுதிய கதவு
ஆறாவது மாடி நடையில்
இன்னும் சாய்ந்து நிற்கிறது.
லிஃப்ட் வேலை செய்யாததால்
அதைத் திருட ஆளில்லை.

பாடப்புத்தகத்தில் எங்கள் பேட்டைக்கு ஒரு பத்தி உண்டு.
துணி வேண்டிய கம்பெனிக்காக
நெசவாளர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர்.
அந்த வினைச்சொல்லில் கை நின்றுவிட்டது.
எங்களுக்கு வந்த நோட்டீசிலும்
அதே சொல்தான், எழுத்து மாறாமல்.
முந்நூறு வருடமாக
யார் அமர்த்துகிறார்கள் என்பது மட்டும்
வாக்கியத்துக்குள் வருவதேயில்லை.

யாரோ ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு
ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறார்.
அவர் கையில் ஒரு பட்டியல் இருந்திருக்கும்.
பட்டியல் ஏதோ ஃபைலில் கிடக்கும்.
அந்த ஃபைலை எங்கே கேட்பது,
எப்படிக் கேட்பது,
இல்லை என்றால் அடுத்து என்ன கேட்பது
என்று சொல்லித் தரும் படிப்பு
இதுவாகத்தான் இருக்க வேண்டும்.
இல்லாமலும் போகலாம்.
முதல் வருடம் முழுக்க
ராஜாக்களாகவே இருக்கலாம்.

"ஆதார்ல ஒரு அட்ரஸ், ரேஷன் கார்டுல ஒண்ணு.
எது சரிம்மா?" என்றார் நிசார் அண்ணன்.
"ரெண்டும்."
"ரெண்டு போட இடமில்லையே."

திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது.
நந்தனத்தை இரண்டாவதாக இறக்கினேன்.
தாம்பரத்தை எடுத்தே விட்டேன்,
மான்களிடம் மன்னிப்புக் கேட்டு.

சோழிங்கநல்லூர் கம்பெனியின் ஒன்பதாம் தளத்தில்
மாப் பிழிகிற நேரத்தில் அம்மா கூப்பிட்டாள்.
"முடிச்சிட்டியா? எது பக்கமோ அதைப் போடு."
"பக்கம்தான்மா," என்றேன்.
எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை.
பின்னால் லிஃப்ட் மணி அடித்தது.
அங்கே வேலை செய்கிறது.

பிரிண்டரை நிசார் அண்ணன் இரண்டு தட்டுத் தட்டினார்.
மை தீரும் நேரம்.
பெயர் தெளிவாக வந்தது, மதிப்பெண் வந்தது.
முகவரியில் கதவு எண் மட்டும் வெளுத்துப்போனதால்
அவரிடமே பேனா வாங்கி
மேலே அழுத்தி எழுதினேன்.
பழக்க தோஷம்,
214 என்று.