உப்பளத்துப் பாதையில் ஒரு புள்ளி

வாலிநோக்கம் உப்பளத்துக்குள் போகும் மண்பாதையில்
இடுப்பளவு உயரத்தில் ஒரு மூங்கில்.
ஒரு முனையில் கல் கட்டியிருக்கும்,
மறுமுனையில் நைலான் கயிறு.
போன தை மாதம் அதை நான்தான்
வரைபடத்தில் ஏற்றினேன்.
கோட்டின் மேல் ஒரு புள்ளி,
அவ்வளவுதான்.
யார் போகலாம் என்ற கட்டத்தை
வெயிலில் திரை தெரியாமல் காலியாக விட்டேன்.

மெய்யெழுத்தின் தலையில் வைத்த புள்ளி
உள்ளிருக்கும் அகரத்தை நிறுத்திவிடுகிற மாதிரி
அன்றிலிருந்து அந்தப் பாதை
எந்த போனிலும் ஓசையற்றுக் கிடந்தது.

கணவாய்க்கு ஐஸ் ஏற்றி வந்த நெய்னா முகம்மதிடம்
போன் சொல்லியிருக்கிறது:
சிக்கல் போய்ச் சுற்று.
ஊர்ப்பேரைக் கேட்டாவது யோசித்திருக்கலாம்.
திரையில் பாதை வெள்ளையாக, திறந்துதான் தெரிந்ததாம்.
இரண்டு விரலால் விரித்து விரித்துப் போனால்தான்
அந்தச் சின்னக் கம்பிக்குறி முளைக்கும்.
கண்ணுக்குக் காட்டாததைக்
கணக்கில் மட்டும் வைத்திருந்தது போன்.
பத்தொன்பது கிலோமீட்டர்.
வேனின் பின்கதவு வழியே
தார்ச்சாலை நெடுக ஐஸ் ஒழுகியது.

இத்தனைக்கும் கரையோரம் ஒரு கருங்கல் சுவர்
வரைபடத்தில் தடித்த கோடாக ஓடுகிறது,
சாலையின் குறுக்கே.
இரண்டு கோட்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இல்லை.
அதனால் சுவருக்குள் புகுந்து
அலைக்கு நேராக வண்டியை விடச் சொல்கிறது
அதே போன்.

மூங்கிலடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவரைப்
பெயர் கேட்டேன்.
வழிவிட்டான் என்றார்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு,
யாரை விடுவீங்க?
"யாரு வந்தாலும் தூக்குவேன் தாயி.
லாரி மட்டும் ஆகாது, வரப்பு உக்காந்துரும்."
ராத்திரி?
"ஹாரன் அடிச்சா எந்திரிப்பேன்."
மழையில?
"மழையில பாதையே இருக்காதே."

லாரி: கூடாது. மற்றவை: ஆம்.
ஹாரன் அடித்தால் எழுந்துகொள்ளும் மனிதனுக்கு
அதில் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் எழுதி வைத்தேன்.
அதை எந்த வழிகாட்டியும் வாசிக்காது.

மூன்றாம் நாள் நீலக்கோடு
புள்ளியைத் துளைத்து நேராகப் போனது.
படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினேன்.

பதினோராம் நாள் நெய்னா கூப்பிட்டார்.
பின்னால் காற்று இரைச்சல்,
ஒரு ஹாரன், மறுபடி ஹாரன்.
"அக்கா, மூங்கில் இல்ல. இரும்பு கேட்டு. பூட்டு.
நாற்காலி மட்டும் கெடக்கு."

போன் இன்னும்
நேராகப் போ என்கிறதாம்.