மூன்று பத்துக்கு உள்ளே வருபவர்

முதல் நாள் கொடுத்தது ஒரு சாவி, ஒரு நாற்காலி,
விசிறிகள் இரைந்துகொண்டே இருக்கும் சின்ன அறை.
போலுங்கார்விக். மீன் ஆலை. ஜனவரி.
சூரியன் மலைக்கு அந்தப் பக்கமே வந்து
அந்தப் பக்கமே போய்விடுகிறது.

ஸ்டெய்னுன் கணக்குகள் திறக்கிறாள்.
பெயர், பிரிவு, தற்காலிகக் கடவுச்சொல்.
முதல் நுழைவிலேயே மாற்றியாக வேண்டும்: கட்டத்தில் டிக்.
ஆளுக்கு ஆள் அனுமதி கொடுக்காதே,
குழுவுக்குக் கொடு, ஆளைக் குழுவில் சேர்.
கையேட்டின் மூன்றாம் பக்கம் இவ்வளவுதான்.
ஊர்களும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கின்றன.

வெட்டும் கூடத்துக்கு எடைப் பதிவும் ஓர் அச்சுப்பொறியும்.
சம்பளக் கோப்புறை இரண்டே பேருக்கு.
மற்றவர்களுக்கு அது பூட்டிய கதவுகூட இல்லை,
சுவர்.

வியெஸ்வாவாவின் போலந்துப் பெயரில்
குறுக்கே கோடு போட்ட எழுத்து ஒன்று.
சர்வர் கோட்டைக் கழற்றி வெறுங்குச்சியாக நிறுத்தியது.
ஐஸ்லாந்துக்காரர்களுக்கே
அவர்களுடைய தகரத்தில் பாதி கிடைக்கவில்லை.
நம் ழகரம் வெளியூரில் படும் பாடுதான்.
"சம்பளச் சீட்டில் சரியாக வரட்டும், போதும்" என்றாள்
கையுறையைக் கழற்றாமலே.

அறுபத்தொரு பேர் வேலை செய்யும் ஆலையில்
தொண்ணூற்று நான்கு கணக்குகள்.
கோடை விடுமுறைக்கு வந்துபோன மாணவர்கள்,
அக்கூரேரிக்குக் குடிபோன கணக்காளர்,
'சோதனை', 'சோதனை2', 'சோதனை2-புதிது'.
அழிக்காதே, முடக்கு. அதுவும் கையேடுதான்.
கடைசி நுழைவைப் பார்த்துப் பார்த்து முடக்கிக்கொண்டே வந்தவள்
ஒரு வரியில் நின்றாள்.

தோர்கில்ஸ். நிர்வாகிகள் குழு.
கடைசி நுழைவு: இன்று, அதிகாலை மூன்று பத்து.
நேற்றும் மூன்று பத்து. முந்தாநாளும்.

"தோர்கில்ஸா?" என்றார் குளிர்கிடங்கு குட்லாய்குர்.
"அக்டோபரில்தானே அடக்கம் பண்ணினோம்."

திருடனாக இருக்கலாம்.
வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று நினைக்க
அவளுக்குச் சம்பளம் இல்லை.
நான்கு மணிக்கு முடக்கினாள். வீட்டுக்குப் போய்
நன்றாகவே தூங்கினாள்.

காலை ஆறுக்கு, கிடங்கு வாசலில் ஏழு பேர்
அச்சுப்பொறியைப் பார்த்தபடி நின்றார்கள்.
தாள் வரவில்லை.
எந்த அறையில் எத்தனை டிகிரி,
எந்தப் படகுக்கு எத்தனை தொட்டி ஐஸ்,
ஒன்றும் தெரியவில்லை.
"ஆபீஸ்தானே அனுப்பும்" என்றது கிடங்கு.
"கிடங்குதானே எடுக்கும்" என்றது ஆபீஸ்.
பதினைந்து வருடமாக இரண்டு பேரும் இப்படியே
நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

தோண்டினாள். நாற்பது வரி நிரல்.
வெப்பமானிகளைப் படி, கூட்டு, அச்சிடு.
எல்லாம் அவன் பெயரில், அவன் கடவுச்சொல்லில்,
ஆலை முழுவதும் திறக்கும் அவன் உரிமையில்.
ஒரு தாளுக்காக இவ்வளவு சாவியா என்று
திட்டிக்கொண்டே படித்தாள்.
நாற்பதாம் வரி, தாளின் அடியில் விழுவது:
காப்பி போட்டாச்சா?

புதுக் கணக்கு. ஆள் பெயர் கூடாது, வேலையின் பெயர்தான்.
'ஐஸ்-தாள்' என்று வைத்தாள்.
படிக்க ஒரு கோப்புறை, எழுத ஓர் அச்சுப்பொறி,
அதற்குமேல் ஒரு அடி கிடையாது.
மனிதர் யாரும் தட்டப்போகாத நீளத்தில் கடவுச்சொல்.
வரிகளை மாற்றி எழுதினாள், முப்பத்தொன்பதை.
கோப்பின் உரிமையாளர் இன்னும் தோர்கில்ஸ்.
மாற்றுவதற்குப் பொத்தான் இருக்கிறது.
இன்றைக்கு வேண்டாம்.

மறுநாள் தாள் வந்திருந்தது.
குட்லாய்குர் டிகிரிகளைப் படித்துவிட்டு
கெட்டிலை ஏற்றினார்.
யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.

எட்டேகாலுக்குத் தொலைபேசி. வியெஸ்வாவா.
மூன்று முறை தப்பாக அடித்துப் பூட்டிக்கொண்டுவிட்டாள்.
"என்ன அடித்தாய்?"
"சரியாகத்தான் அடித்தேன்.
கையுறையோடு."