ஒன்றரை அடி

விற்பனைக்கு என்று அழிக்கதவில் அட்டை கட்டியிருந்தது.
கீழே ஆவுடையப்பனின் செல் நம்பர்;
கடைசி எண்ணை மழை தின்றிருந்தது.
டவுனில், தேர் திரும்பும் முக்கிலிருந்து நாலாவது வாசல்.
அகலம் பதினெட்டு, நீளம் நூற்று நாற்பத்திரண்டு.
ரயில்பெட்டியைத் தெருவில் விட்டுவிட்டு
இன்ஜினை மட்டும் யாரோ ஓட்டிப்போனதுபோல ஒரு வீடு.

"நாங்கு உத்திரம், பாத்துக்கிடுங்க.
கறையான் பல்லை ஒடைச்சுக்கிட்டுப் போயிரும்.
கொஞ்சம் செலவழிச்சா அரண்மனை" என்றார் ஆவுடையப்பன்.
அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று சொல்லத்தான்
மேலப்பாளையத்து மசூது சாகிப் என்னை அனுப்பியிருந்தார்,
டேப்பும் தூக்குக்குண்டும் டார்ச்சுமாக.

தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, அங்கணம்.
ஒவ்வொன்றாய் அளந்து எழுதினேன்.
அங்கணத்துத் தொட்டியைப் பிளந்து
அரசங்கன்று மூன்றாவது இலை விட்டிருந்தது.
மின்கட்டண அட்டை 2011 ஜூனோடு நின்றிருந்தது.
வாரிசுகள் ஒன்பது பேர்.
எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டாயிற்று.
ஒன்பதாமவர் மஸ்கட்டிலிருந்து
வெள்ளிக்கு வெள்ளி வேறொரு விலை சொல்கிறாராம்.

கூட்டிப் பார்த்தால் ஒன்றரை அடி குறைகிறது.
வெளியே பதினெட்டு.
உள்ளே, சுவர்களையும் சேர்த்து, பதினாறரை.
மறுபடி அளந்தேன். டேப்பை மாற்றி அளந்தேன்.
ஆவுடையப்பன் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.
"சுவத்துக்குள்ள ஏதும் இருக்குமோ?"
நான் பதில் சொல்வதற்குள்
மஸ்கட்டுக்குச் சேதி போய்விட்டது.
சாயங்காலம் விலை நாலு லட்சம் ஏறியது.
அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை.

மறுநாள் மட்டப்பாவில், வடக்குக் கைப்பிடிச் சுவரோரம்
தட்டோட்டை நெம்பி எடுத்தேன்.
இருட்டு; ரூல் போட்டு இழுத்ததுபோல ஓர் இருட்டு.
குண்டை விட்டேன். பத்தடி, பதினைந்து, இருபத்திரண்டு.
நங்கென்று தரை தட்டியது.
உள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது:
"யாரு?"

ஆவுடையப்பன் ஏணியில் மூன்று படி இறங்கிவிட்டார்.

"மனுசி தூங்க வேண்டாமா?" என்று தெருவுக்கு வந்தாள்
பக்கத்து வீட்டுச் செண்பகவடிவு,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்த கண்ணோடு.
புதையல் என்றதும் சிரித்தாள்.
"இந்த வீட்டுப் பூட்டனும் எங்க வீட்டுக்காரரு பூட்டனும்
கூடப்பொறந்தவுக. பாகம் பிரிச்சப்போ
பொதுச்சுவரே வேண்டாம்னு ஆளுக்கொண்ணு எழுப்புனாவ.
ரெண்டும் ஒட்டிரக் கூடாதுன்னு நடுவுல சந்து."

சந்து யாருக்கு என்று கோர்ட்டில் முப்பது வருஷம்.
கல்யாணத்துக்கும் இழவுக்கும் போக்குவரத்து இல்லை.
"ஆனா அந்த வீட்டு குக்கர் விசில எண்ணி
எங்க அத்தை அடுப்ப அணைச்சிருவா.
எத்தனையோ நாள் பருப்பு வேகாமத் தின்னுருக்கோம்."
அப்புறம், நான் கேட்காமலே,
"ஒருநாள் விசிலே வரல.
அப்பதான் காலி பண்ணிட்டாவன்னு தெரியும்."

மசூது சாகிப் போனில் முழுக்கக் கேட்டார்.
லிஃப்ட் போகுமா என்றார். போகாது.
கக்கூஸ் பைப்? அது போகும்.
ஆறு அறைக்கும் தனித்தனிக் குளியலறை என்றால்
எந்தச் சுவரையும் குடைய வேண்டியதில்லை;
அண்ணன் தம்பி பகைக்குள்
நாலு இஞ்ச் பிவிசி சுகமாக இறங்கும்.
அறிக்கையில் அப்படி எழுத முடியாது.
'குழாய்ப் பாதை, பதினெட்டு இஞ்ச். உரிமை தெளிவில்லை'
என்று எழுதினேன்.

லாட்ஜாகப் போகிறது என்று செண்பகவடிவிடம் சொன்னேன்.
கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தாள்.
"அப்போ ராத்திரி எத்தன ரூம் ரொம்பியிருக்குன்னு
தண்ணிச் சத்தத்த வச்சே சொல்லிருவேன்."

ஓட்டை மூடுமுன் குண்டை இழுத்தேன்.
பாதிவரை வந்து எதிலோ மாட்டிக்கொண்டது.
எந்தச் சுவர் பிடித்துவைத்திருக்கிறது என்று தெரியவில்லை.
நூலை அறுத்துவிட்டேன்.
பித்தளை. நூற்றெண்பது ரூபாய்.
பில்லில் சேர்க்கவில்லை.