விரிப்பு

சுப்ரா:
ஒன்று, மேசைமேல் விரிக்கும் துணி.
இரண்டு, பெருவிருந்து.

அட்டையில் இவ்வளவுதான் எழுதியிருந்தாள் சிசானா.
அதற்குள் மை உறைந்துவிட்டது.
பேனாவைக் கக்கத்தில் செருகிச் சூடேற்றிக்கொண்டே
எதிர் மேசைக்காரனோடு சண்டை பிடித்தாள்.

"யார் இன்று துணியை நினைக்கிறார்கள்?" என்றான் நுக்ஸார்.
"சுப்ரா என்றால் தட்டின்மேல் தட்டு, அதன்மேல் தட்டு,
அடியில் விரித்தது கண்ணிலேயே படாது.
விருந்தை முதலில் போடு."
அவன் இறைச்சி தின்று ஐந்து வாரம் ஆகியிருந்தது.

துணிதான் மூத்தது என்றாள் அவள்.
பாரசீகத்திலிருந்து மடித்தபடி வந்த சொல்,
இங்கே வந்து விரித்த பிறகுதான்
அதற்கு வயிறு வைத்தது.

நான் சிசானா பக்கம்.
எங்கள் விருந்தும் முதலில் சோறில்லை.
புதிது என்று பொருள்,
அப்புறம் வாசலில் வந்து நிற்கும் புதியவர்.
இலையும் பருப்பும் பாயசமும்
அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவை.

திபிலிசியில் அது எரிவாயு நின்ற குளிர்காலம்.
ரொட்டிக்கு விடியற்காலை நான்கு மணிக்கே வரிசை,
உள்ளங்கையில் எண்ணெழுதிக்கொண்டு நிற்பார்கள்.
மூன்றாம் மாடி ஓதார் நின்றபடியே செத்துப்போனார்.
கையில் நூற்றுப் பதினேழு.

ஜுஜுனா அழவில்லை.
"நாற்பது பேர் வருவார்களே, எதை வைப்பேன்?" என்றாள்.
துக்கத்துக்கும் சுப்ரா உண்டு அங்கே.
கெலெகி என்பார்கள்.
அதில் கோப்பைகள் இடித்துக்கொள்ளாது.

நுக்ஸார் அரை வெங்காயம் கொண்டுவந்தான்,
முழு வெங்காயத்துக்கான தலைகுனிவோடு.
யாரோ ஒரு சட்டி சிவப்பு பீன்ஸ்.
ககேத்தியிலிருந்து ஒரு மச்சான்
பெட்ரோல் டப்பாவில் ஐந்து லிட்டர் மது,
முதல் மிடறில் லாரி வாசனை.
படுக்கையறைக் கதவுகளைக் கழற்றிப்
பெட்டிகள்மேல் கிடத்தி மேசையாக்கினார்கள்,
கைப்பிடி, சாவித் துளை எல்லாம் அப்படியே.

விரிக்கத்தான் ஒன்றுமில்லை.
கல்யாணத்துக்கு வந்த துணி
அக்டோபரிலேயே பாலத்துச் சந்தைக்குப் போய்
மண்ணெண்ணெயாகத் திரும்பியிருந்தது.
"வெறும் கதவிலா?" என்றாள் ஜுஜுனா.
அப்போதுதான் அழுதாள்.

கீழே சைக்கிள் அறையில் ஒருத்தி இருந்தாள்.
சுகுமியிலிருந்து மலைப்பனியில் நடந்தே வந்தவள்.
எதெரி என்ற பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.
அழைக்காமலே படியேறினாள், கையில் மூட்டை.
முடிச்சை அவிழ்க்கப் பல்லும் வேண்டியிருந்தது.
இரும்புச் சட்டி, ஒற்றைக் காலணி,
மகனின் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் தாள்,
இனி எந்தக் கதவுக்கும் ஆகாத ஒரு சாவி.
எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டு
மூட்டையை உதறினாள்.

நீலத்துணி. மீனும் மானும் அச்சடித்தது.
முடிச்சுப் போட்டுப் போட்டு
நான்கு மூலையும் காதுபோல் நிமிர்ந்து நின்றன.
படியட்டும் என்று
ஒன்றில் பீன்ஸ், ஒன்றில் ரொட்டி, ஒன்றில் மது,
ஒன்றில் அந்த அரை வெங்காயம்.
மூலைகளோடு பண்டம் தீர்ந்துவிட்டது.
நடுவே மீன்களெல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

தமதா எழுந்தார், கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம் பேசினார்.
ஓதாருக்காக, ஓதாரின் தாய்க்காக,
வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற
நூற்றுப் பதினாறு பேருக்காக.
யாரும் பசித்ததாகச் சொல்லவில்லை.
பசிக்கத்தான் செய்தது.

துணியைத் துவைத்துத் தரச் சோப்பில்லை.
மதுக் கறையோடே வாங்கிப்போய்
எதெரி மறுபடி முடிச்சுப் போட்டாள்.

திங்கட்கிழமை நுக்ஸார் வாதாடவில்லை.
"சரி, துணியே முதலில். எடுத்துக்காட்டு எங்கே?"
சிசானா எழுதினாள்:
எதெரி மூட்டையை அவிழ்த்தாள்.

"இதில் சுப்ரா என்ற சொல்லே இல்லையே."
"இல்லைதான்."
சிவப்புப் பென்சிலால் அடித்தான்.
அகராதியின் விதி அப்படி.

அச்சுக்குப் போகாத அந்த அட்டையின் முதுகில்
மறுநாள் இருட்டில், ரொட்டிக் கடை வாசலில்,
தன் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.
எண்பத்து மூன்று.