கேக்குதா

இருபத்திரண்டு வருடமாய்
மேடைக்கு இடப்பக்கம்
ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பேச்சைக் கேட்பதில்லை.
முள் சிவப்புக்குப் போகிறதா,
கூம்புக் குழாய் விசிலடிக்கிறதா,
அவ்வளவுதான் என் பாடு.

ஆனாலும் தெரிந்துவிடும்.
பிடிக்காத பேச்சென்றால்
பிளாஸ்டிக் நாற்காலி கால் தேய்க்கும் சத்தம்
பின்வரிசையில்தான் முதலில் கிளம்பும்.
பிடித்துவிட்டால்
டீக்காரப் பையன் நடுவழியில் நின்றுவிடுவான்,
தட்டில் கிளாஸ்கள் ஆறிக்கொண்டிருக்க.

மேடை ஏறுகிறவர்களிடம் ஒன்று சொல்லிவைப்பேன்:
மைக்குக்கும் வாய்க்கும் நாலு விரல் இடைவெளி.
யாரும் காதில் வாங்கியதில்லை.
பெரிய மனிதர்கள்
சோளக்கதிரைப் போல் அதைக் கடிக்கப் போவார்கள்.

அன்றைக்குக் கடலூர் முதுநகர்,
துறைமுகத்துப் பக்கம் குறைதீர் கூட்டம்.
ஆறு மணிக்கென்று நோட்டீஸ்.
ஏழேகாலுக்குக் குத்துவிளக்கு.
எட்டுக்குப் பொன்னாடை.
நோட்டீஸில் ஒருவர் பெயர் விடுபட்டதற்கு
ஒரு கால்மணி நேர வருத்தம்.
பிறகு ஒருவர் கடலைப் பற்றிப் பேசினார்,
அலை வந்தது, தாய் வந்தாள், மடி வந்தது.
அடுத்தவர் அதே அலையை
இன்னும் கொஞ்சம் உயரமாய் எழுப்பினார்.
நான் ட்ரெபிளைக் குறைத்தேன்.

கடைசியாக அக்கரைத்திட்டு அஞ்சலாட்சி.
இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலை.
ஐஸில் வெளுத்த விரல் மைக்கைத் தொட்டதும்
சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள்.
அப்புறம் தொடவே இல்லை.
நாலு விரல் இடைவெளி,
யாரும் சொல்லாமலே.

"கேக்குதா?" என்றாள்.

எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.
கேட்டுவிட்டு, பதில் வருமுன்
மதிப்பிற்குரிய என்று போய்விடுவார்கள்.
இவள் நின்றாள்.
லைன் போய்விட்டதோ என்று
என் கை குமிழுக்குப் போகிற அளவுக்கு நின்றாள்.
கடைசி வரிசையில், மீன்பாடி வண்டிக்காரன் ஒருவன்,
"கேக்குதுக்கா, நீ சொல்லு" என்றான்.
நாற்காலிகள் அடங்கின.

கேள்வி கேட்பதற்கும்
காதால் கேட்பதற்கும்
ஒரே வார்த்தை வைத்தவன்
எங்கேயோ மைக் செட் வைத்திருந்திருக்கிறான்.

"ஆணையர் அய்யா, மணி என்னாவுது?"
அவர் கைக்கடிகாரம் பார்த்தார்.
ஒன்பது இருபது என்றார்.
"எங்க கடைசிப் படகு ஒம்போதுக்கு.
போயிடுச்சு.
இனிமே எனக்கு அவசரமில்ல,
எவ்ளோ நேரம் வேணாலும் பேசலாம்."

சிரிப்பு பின்னாலிருந்து கிளம்பி
முன்வரிசை வரை வந்து
அங்கே உட்கார இடமில்லாமல் நின்றது.
ஆணையர் இன்னொரு தரம்
கடிகாரத்தைப் பார்த்தார், இந்தத் தடவை
யாரும் கேட்காமல்.

ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை அவள்.
ஷிப்ட் விடுவது பத்துக்கு.
திட்டுக்காரிகள் பதினாலு பேர்.
கம்பெனி வாசலில் சாக்கு விரித்துப் படுக்கிறோம்.
பதினொன்றுக்கு ஒரு நடை படகு விடணும்.
இன்னிக்கி லீவு போட்டுட்டு வந்தேன்,
நானும் இப்ப அங்கதான் படுக்கணும்.
வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கினாள்.

மனு எண் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள்.
அது இன்னும் எண்ணாகத்தான் இருக்கிறது.

கூட்டம் கலைந்து நான் ஒயர் சுற்றும்போது
பத்து மணி ஷிப்ட் பெண்கள் துறையில் வந்து நின்றார்கள்.
யாரோ போன் போட்டு
செங்கேணியின் ஃபைபர் படகை வரவழைத்தார்கள்.
உப்பனாறு கும்மிருட்டு.
கட்டிய ஜெனரேட்டரை அவிழ்த்தேன்.
ஃபோகஸ் விளக்கைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினேன்.
டீசல் ஒன்றரை லிட்டர்,
பில்லில் எழுதவில்லை.

வெளிச்சம் முடிகிற இடத்தைத் தாண்டிப் படகு போயிற்று.
மோட்டார் சத்தமும் நின்றது.
அப்புறம் அந்தப் பக்கத்து இருட்டிலிருந்து,
"மைக் செட்டண்ணே, எறங்கிட்டோம், கேக்குதா?"

மைக்கைப் பெட்டிக்குள் வைத்தாயிற்று.
இரண்டு கையையும் வாயில் குவித்து
"கேக்குது" என்று கத்தினேன்.
கத்தி,
அவள் பதிலுக்கு நின்று,
அதற்கப்புறம்தான் விளக்கை அணைத்தேன்.