வெறுங்கை முழம்

வியாழன் இரவு எட்டரை.
கோலம் ஆயர் சமூக மன்றம், இரண்டாம் மாடி.
பூப்பந்தாட்டக் கோடுகளின்மேல்
நீலப் பாய் விரித்திருக்கிறார்கள்.
ரொஹாய்ஸா கைதட்டுகிறாள்:
"சிகு! சிகு!"

மலாயில் அது முழங்கை.
என் காதில் விழுந்தது
காலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்த
வாழைநாரின் சிக்கு.

நீட்டிய கை தூரத்து ஆளுக்கு.
உன் தலையில் என்ன எண்ணெய் என்று
அவனுக்குத் தெரிகிற அளவு நெருங்கிவிட்டால்
குத்த இடமிருக்காது.
மடக்கு.
அவள் ஆங்கிலத்தில் சொன்னதை
நான் இப்படித்தான் வாங்கிக்கொண்டேன்.

மடக்கினேன்.
கட்டைவிரல் நெஞ்சைப் பார்க்க,
குதிகால் திரும்ப, இடுப்பு திரும்ப,
கடைசியில்தான் கை.
மற்றக் கை கன்னத்தோடு,
பல்வலிக்காரி மாதிரி.
கூர்முனையால் அல்ல,
அதற்கு ஒரு விரற்கடை தள்ளி,
தோலும் எலும்பும் மட்டும் இருக்கிற இடத்தால்.
நாற்பத்தொரு வருடமாக
சோப்புப் போடக்கூட நினைவு வராத இடம்.

பஞ்சுக் கேடயம் பிடித்து நிற்பவள் ஹுவீ ஷான்,
காப்பீட்டு அலுவலகத்தில் வேலை.
நான் அடிக்கும்போதெல்லாம்
அவள்தான் "சாரி" என்கிறாள்.
வாங்குகிறவள் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்?
கேட்க வாயெடுத்தேன்.
ரயிலில் எத்தனை முறை நானே கேட்டிருக்கிறேன்
என்று எண்ணத் தொடங்கி
இன்னும் ஓங்கி அடித்தேன்.

எனக்கு முழம்தான் தொழில்.
பஃபலோ ரோட்டில் பூக்கடை, சம்பளத்துக்கு.
விரல்நுனியில் தொடங்கி
முழங்கையில் முடியும் கணக்கு.
அந்த எலும்பு ஒரு முற்றுப்புள்ளி,
அவ்வளவுதான் அதுவரை.
"வெறுங்கை முழம் போடுமா?" என்று
கடன் கேட்பவர்களை விரட்டுவார்
முதலாளி தணிகாசலம்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை.
கால் வைக்க இடமில்லை.
வாளிகளுக்கு நடுவே நின்று
மூன்று முழம் கேட்டவருக்கு
இரண்டாவதை அளக்கிறேன்.
பிடரியில் ஒரு மூச்சு.
கூட்டம் தள்ளியிருக்கும் என்றது ஒரு மனம்.
கூட்டத்துக்கு விரல்கள் கிடையாது என்றது இன்னொன்று.

போன வருடமும் வந்த விரல்கள்.
அதே ஆள் என்று சொல்லவில்லை.
அதே விரல்கள்.
போன வருடம் ஓரடி முன்னால் நகர்ந்துகொண்டேன்.
சாமந்தி வாளியில் இடித்து
முழங்கால்தான் வீங்கியது.

இம்முறை குதிகால் திரும்பியது.
நான் யோசிக்கவில்லை,
வியாழக்கிழமைகள் யோசித்து வைத்திருந்தன.
தேங்காய் உடைகிற சத்தமெல்லாம் இல்லை.
ஈரத்துணி தரையில் விழுந்த மாதிரி.
"ஹக்" என்று யாருடைய காற்றோ வெளியே போனது.
கட்டம்போட்ட சட்டை ஒன்று
முறுக்குக் கடைப் பக்கமாகக்
குனிந்தபடியே கரைந்தது.

அடித்ததும் நிற்காதே, ஓடு
என்பது பாடம்.
எங்கே ஓட? கல்லா என் பொறுப்பு.
நின்றேன்.
மூன்றாவது முழம் போட்டேன்.

கை நடுங்கியது, எலும்பு எரிந்தது,
சரம் முடியவேண்டிய இடத்தில் முடியாமல்
புஜத்தில் ஏறியது.
அன்று மாலை முழுக்க
என் முழம் ஒன்றேகால் முழம்.
வாங்கியவர்கள் முகத்தில்
அப்படியொரு பண்டிகை.

இரவு கணக்குப் பார்த்த தணிகாசலம்
"பூ எங்கேம்மா போச்சு?" என்றார்.
சொன்னேன்.
ரப்பர் வளையத்தை விரலில்
சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.
"போலீசுக்குச் சொல்லணும்."
"சொல்லியாச்சு. கேமரா பார்ப்பாங்களாம்."
"அப்ப, குறைஞ்ச பூ?"
"தீபாவளி இனாம்னு எழுதிக்குங்க."
எழுதினார்.

இன்று மறுபடி வியாழன்.
கன்றிய இடம் மாம்பழ மஞ்சளுக்கு வந்திருக்கிறது.
ஹுவீ ஷான் அதைப் பார்த்து
"சா" என்று தொடங்கி, விழுங்கி,
கேடயத்தை நெஞ்சுவரை தூக்குகிறாள்.
"மற்றக் கை!" என்கிறாள் ரொஹாய்ஸா.

இடது கை.
அதில் நான் பூ அளந்ததே இல்லை.
அதன் முழம் எவ்வளவு என்று
எனக்கே தெரியாது.