கழுத்து வரைக்கும்

ஜிப்பைக் கழுத்தோடு நிறுத்து என்கிறாள் டெல்பின் பெகே.
பழக்க தோஷம், கை மேலே போகப் பார்க்கிறது.
வேறு வேலைக்குத் தைத்த பை இது.
பிணவறைக்கு அனுப்பும்போது
முகத்தையும் தாண்டி மூடுவோம்.
இந்த வாரம் இதற்குள் ஐஸைக் கொட்டி
தண்ணீர் ஊற்றி
உயிரோடிருப்பவர்களைப் படுக்க வைக்கிறோம்.

ஃபீனிக்ஸில் பதினேழாம் நாள்.
ராத்திரி இரண்டு மணிக்கும்
வெளிச்சுவரில் வைத்த கையை
வெடுக்கென்று எடுக்க வேண்டியிருக்கிறது.
வாசலில் ஆறு ஆம்புலன்ஸ்கள், இறக்க இடமில்லாமல்.
இன்ஜினை அணைத்தால் உள்ளே ஏசி நின்றுவிடும்,
அணைக்காமல் நிற்கின்றன.
அந்தப் புகையும் சூடும்
கதவு திறக்கும்போதெல்லாம் எங்களிடமே வருகிறது.

மூன்றாம் கட்டிலில் திருமதி ஹால்வர்சன்.
தபால்பெட்டி வரைக்கும்தானே என்று
செருப்பில்லாமல் நடந்தாராம்.
இடறி விழுந்தவரைத் தார்ச்சாலை
பத்து நிமிடம் விடவில்லை.
கையிலிருந்த உறையை அவர் இன்னும் விடவில்லை:
மின்கட்டணம், இரண்டாம் நினைவூட்டல்.

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு
நடைவழியில் ஒரு நாற்காலி.
நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு
'எனக்கொன்றும் அவசரமில்லை' என்கிறார்.
அவரைத்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

பதினொன்றரைக்கே ஐஸ் இயந்திரம் நின்றுபோயிருந்தது.
அதற்கும் ஜுரம் என்றான் பழுது பார்க்க வந்தவன்.
யாரும் சிரிக்கவில்லை.
காவலாளி ஓஸ்வால்டோ தன் வண்டியில் போய்
சூப்பர்மார்க்கெட்டில் மீன் பரப்பும் ஐஸை
வாளி வாளியாய் அள்ளி வந்தான்.
நடுநடுவே செதில் மின்னியது.
கழுவட்டுமா என்றேன்.
டெல்பின் கொட்டத் தொடங்கியிருந்தாள்.

கூரை வேய்கிறவன். சட்டைப்பை நிறைய ஆணி.
இடுப்புப் பட்டையில் எலெயுதேரியோ என்றிருக்கிறது,
பட்டை இரவலாகவும் இருக்கலாம்.
உடம்பு நூற்றெட்டு.
நூற்றாறு.
நூற்றாறிலேயே நின்றது
நின்றது
நூற்று நான்கு.
நூற்றிரண்டு.

கண் திறக்கவில்லை. மூக்குதான் முதலில் சுளித்தது.
'மீன்' என்றான் ஸ்பானிஷில்,
யாரையோ கடிந்துகொள்வதுபோல.

டெல்பின் ஜிப்பைக் கீழே இழுத்தாள்,
கழுத்திலிருந்து கால்வரை.
இத்தனை வருடத்தில்
அது திறக்கும் சத்தத்தை
இந்த வாரம்தான் கேட்கிறேன்.

வாளியில் இன்னும் பாதி ஐஸ் இருக்கிறது.
வாசலுக்கு ஓடுகிறேன்.